காலை உணவோடு ஒரு குவளை: கீரையும் பழமும் சேர்ந்த ஸ்மூத்தி

அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் விரைய வேண்டிய காலை வேளையில் நம் இல்லங்களில் முதலில் விடுபட்டுப் போவது கீரையே ஆகும். இட்லியோ சப்பாத்தியோ எவ்வாறேனும் தட்டிற்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கீரையை ஆய்ந்து, மண் போக அலசி, பொடியாக நறுக்கிச் சமைப்பதற்கு நேரம் வாய்ப்பதில்லை. பழமும் மாலைக்கு ஒத்திவைக்கப்பட்டு, மாலையில் மறக்கப்பட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் மிக்சியில் ஒன்றாக அரைத்துக் குடிக்கும் ஸ்மூத்தி என்னும் பானம் இப்போது நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களைத் தாண்டி வீட்டுச் சமையலறைகளுக்குள்ளும் வந்துவிட்டது.

இதனை மருந்தைப் போலப் புகழ்வோர் உள்ளனர். வெறும் சர்க்கரைத் தண்ணீர் என ஒதுக்குவோரும் உள்ளனர். இவற்றுள் எது உண்மையாகும் என்பது செய்யும் முறையைப் பொறுத்தது. எந்தக் கீரையை எந்தப் பழத்துடன் எந்த அளவில் சேர்ப்பது, எவ்வாறு பக்குவப்படுத்துவது, யார் இதைத் தவிர்ப்பது நல்லது என்பவற்றை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

நமக்கு எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024ஆம் ஆண்டில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவர் கீரை உட்பட 400 கிராம் காய்கறிகளையும், 100 கிராம் பழத்தையும் உண்ண வேண்டும் என்பது அதன் பரிந்துரை. மூன்று வேளை உணவையும் எண்ணிப் பார்த்தால், குழம்பில் இரண்டு துண்டு முருங்கைக்காயும் ஒரு கரண்டிப் பொரியலும் இந்த 400 கிராமை எட்டமாட்டா என்பது விளங்கும்.

இதன் விளைவு நாட்டின் கணக்கெடுப்புகளில் தெரிகிறது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண்களிலும் அவ்வயதினரில் 25 விழுக்காட்டினர் இக்குறையுடன் உள்ளனர். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. உணவில் இரும்பும் ஃபோலேட்டும் போதாமை அவற்றுள் முதன்மையானது. மற்றொரு புறம், சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் முடிவுகள் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே காலைப் பானம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் இரு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: இதனால் நமக்குக் கீரையின் சத்து கிடைக்கிறதா? கூடவே வேண்டாத சர்க்கரையும் உள்ளே போகிறதா?

சாறும் ஸ்மூத்தியும்

சாறு என்பது பழத்தைப் பிழிந்து, சக்கையை வடித்து எடுப்பது. ஸ்மூத்தியில் சக்கை வடிக்கப்படுவதில்லை. பழமும் இலையும் முழுமையாக அரைபட்டுக் குவளைக்கு வருகின்றன. நார்ச்சத்து குவளையிலேயே தங்குவதுதான் இதன் சிறப்பு. ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று, நான்கு பழங்கள் செலவாகும். அவற்றின் நார் குப்பைக்குச் செல்ல, சர்க்கரை மட்டும் நமக்கு வருகிறது. 250 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் சர்க்கரை சேர்க்காமலே 20 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றின் சர்க்கரையையும், தேனில் உள்ள சர்க்கரையையும், நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில் சேர்த்தது. அவை மொத்தமாக ஒரு நாளைய ஆற்றலில் 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டிற்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நன்று என்றும் அது கூறுகிறது.

ஸ்மூத்தியும் குறையற்றதன்று. பழத்தைக் கடித்து மெல்லும்போது அதன் செல்கள் மெல்ல உடைகின்றன. மிக்சியில் அவை அரை நிமிடத்தில் உடைந்து, உள்ளிருக்கும் சர்க்கரை விடுபட்டுவிடுகிறது. குடிப்பதும் மெல்வதைவிட விரைவு. இதனால்தான் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என அறிவுறுத்துகிறது. அந்த எச்சரிக்கை பெரும்பாலும் பழத்தை மட்டுமே கொண்டு செய்யப்படும் பானத்தை எண்ணிச் சொல்லப்பட்டது. நாம் இங்குக் காணவிருப்பதில் ஒருவருக்கான பழம் 75 கிராம் மட்டுமே. எஞ்சியது கீரை, தயிர், கடலை, தண்ணீர். இந்த விகிதத்தைக் காப்பதே ஸ்மூத்தி செய்வதில் முதற்பாடம்.

கீரையின் இரும்பு உடலில் சேர்வது எப்படி?

கீரை என்றாலே இரும்பு என்று எண்ணுவது வழக்கம். பாலக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்பு உள்ளது. இந்தியப் பெண் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். ஆணுக்கு 19 மில்லிகிராம். ஆகவே ஒரு குவளைக் கீரைப் பானம் அத்தேவையின் சிறு பகுதியையே தரும். அச்சிறு பகுதியும் முழுவதும் உடலில் சேர்வதில்லை. தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை.

இங்குதான் பழத்தின் பணி தொடங்குகிறது. வைட்டமின் சி, தாவர இரும்பைக் குடல் ஏற்கும் வடிவிற்கு மாற்றி, உறிஞ்சப்படும் அளவைக் கூட்டுகிறது. கீரையும் ஆரஞ்சும் ஒரே குவளையில் சேர்வதற்குச் சுவையைக் காட்டிலும் இதுவே வலுவான காரணம். கீரைக்கூட்டில் எலுமிச்சை பிழிவதும், பருப்புக்கீரை மசியலில் தக்காளி சேர்ப்பதும் இதே பயனைத் தருவனவே.

இதற்கு நேர்மாறாகத் தேநீரிலும் காப்பியிலும் உள்ள டேனின் முதலிய பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்கின்றன. ஸ்மூத்தியைக் குடித்த கையோடு ஒரு டம்ளர் காப்பி அருந்தினால் ஆரஞ்சு செய்த உதவி பெரும்பாலும் வீணாகிவிடும். காப்பியைக் காலையில் எழுந்தவுடன் அருந்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டியோடு இப்பானத்தைக் குடிக்கலாம். அன்றேல் காப்பியை அலுவலகம் சென்ற பின் வைத்துக்கொள்ளலாம்.

கீரையில் இரும்பையன்றி வேறு செல்வங்களும் உண்டு. ஃபோலேட், வைட்டமின் கே, பீட்டா கரோட்டின், கண்ணுக்கு நலம் தரும் லூட்டீன் ஆகியன அதில் நிறைந்துள்ளன. பீட்டா கரோட்டினும் லூட்டீனும் கொழுப்பில் கரைபவை. உணவில் சிறிது கொழுப்பு இருந்தால்தான் உடலில் சேரும். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலக்கீரையை நெடுநேரம் வேகவைப்பதைவிடப் பால் பொருளுடன் சேர்த்து அரைக்கும்போது லூட்டீன் மிகுதியாக விடுபடுவதைக் கண்டனர். நம் செய்முறையில் தயிரும் நிலக்கடலையும் இடம்பெறுவது இதன் பொருட்டே.

ஆக்சலேட் என்னும் மறுபக்கம்

பாலக்கீரையில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. அதை உண்ட பின் பற்கள் கூசுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிகமாக மாறும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை.

அளவறிந்து உண்ணும் நலமுள்ளவருக்கு இதனால் அச்சமில்லை. அளவு மீறும்போது நேர்வதற்கு மருத்துவ உலகம் பதிவு செய்த ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்கச் சிறுநீரக நோய் மருத்துவ இதழொன்றில் 2018இல் வெளியான குறிப்பின்படி, உடலைச் ‘சுத்திகரிக்கும்’ எண்ணத்துடன் பச்சைக்கீரைப் பானத்தைத் தொடர்ந்து அருந்திய 65 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் படிந்து, சிறுநீரகம் நிலையாகச் செயலிழந்தது. அவர் முன்னர் இரைப்பை மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அண்மையில் நெடுநாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் உட்கொண்டிருந்தார். இவ்விரண்டும் குடலில் ஆக்சலேட் மிகுதியாக உறிஞ்சப்பட வழிசெய்பவை. இத்தகைய கேடு அரிது. எனினும் நல்ல உணவு என்பதற்காக எவரும் எவ்வளவும் குடிக்கலாம் என்று கருதலாகாது என்பதற்கு இது போதிய சான்று.

இதற்கு மூன்று எளிய காப்புகள் உள்ளன. முதலாவது, கீரையைக் கொதிநீரில் இட்டு எடுத்து அந்நீரைக் கொட்டிவிடுவது. காய்கறிகளை நீரில் வேகவைத்து வடிக்கும்போது கரையும் வகை ஆக்சலேட்டில் 30 முதல் 87 விழுக்காடு வரை நீங்கியதாக 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நிமிடம் மட்டும் இட்டு எடுத்தால் நீங்கும் அளவு குறையும். ஆயினும் பயன் உண்டு. இரண்டாவது, தயிர் சேர்ப்பது. தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து வெளியேற்றிவிடும். மூன்றாவது, நாள்தோறும் ஒரே கீரையைப் பயன்படுத்தாமல் மாற்றிக்கொள்வது. வெந்தயக்கீரையிலும் கொத்தமல்லியிலும் ஆக்சலேட் பாலக்கீரையைவிட மிகக் குறைவு.

கீரையையும் பழத்தையும் தெரிவு செய்தல்

தொடக்கத்தில் பாலக்கீரையே ஏற்றது. அதன் மணமும் சுவையும் மென்மையானவை. பழத்தின் சுவை அதனை எளிதில் மூடிவிடும். கடையில் வாங்கும்போது பெயர்க் குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வட இந்தியச் சந்தைகளில் ‘பாலக்’ எனப்படுவதும், நம் வேலிகளில் படரும் கொடிப்பசலையும் வேறு வேறு செடிகள். கொடிப்பசலை வழவழப்பு உடையது. கூட்டுக்கும் மசியலுக்கும் அதுவே பொருத்தம்.

வெந்தயக்கீரையும் முருங்கைக்கீரையும் சத்து மிக்கவை என்றாலும் கசப்புடையவை. பாலக்கீரையில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் இவற்றைச் சேர்த்துப் பழகலாம். முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகளை நன்கு வேகவைத்த பின்னரே அரைக்க வேண்டும். புதினாவும் கொத்தமல்லியும் மணத்திற்காக ஒரு கைப்பிடி சேர்க்கத்தக்கவை.

பழங்களை இரு வகையாகப் பிரித்து நினைவில் கொள்ளலாம். ஆரஞ்சு, கொய்யா, பப்பாளி, அன்னாசி, நெல்லிக்காய் ஆகியன வைட்டமின் சி மிகுந்தவை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் உள்ளதைப் போல் இது நான்கு மடங்குக்கும் மேல். கொய்யாவின் விதைகள் மிக்சியில் அரைபடாமல் நறநறக்கும் என்பதால் நடுப்பகுதியைக் கரண்டியால் நீக்கிவிட்டுச் சதைப்பகுதியைத் தோலுடன் பயன்படுத்தலாம். வாழை, மாம்பழம், சப்போட்டா ஆகியன இனிப்பும் கெட்டித்தன்மையும் தருபவை. ஒரு குவளைக்கு முதல் வகையில் இரண்டு பங்கும், இரண்டாம் வகையில் ஒரு பங்குமாக எடுத்துக்கொண்டால் சுவையும் சர்க்கரை அளவும் சமநிலையில் இருக்கும்.

செய்முறை

பின்வருவன இருவருக்கான அளவுகள். ஆளுக்கு 250 மில்லிலிட்டர் கிடைக்கும்.

பாலக்கீரை, ஆய்ந்தது: 100 கிராம்
ஆரஞ்சுச் சுளை, விதை நீக்கியது: 100 கிராம்
வாழைப்பழம்: 50 கிராம், அதாவது நடுத்தரப் பழத்தில் பாதி
புளிக்காத தயிர்: 100 கிராம்
நிலக்கடலை, இரவே ஊறவைத்தது: 20 கிராம்
இஞ்சி: சுண்டுவிரல் நகத்தளவு
எலுமிச்சைச் சாறு: ஒரு தேக்கரண்டி
குடிநீர்: 150 மில்லிலிட்டர்

முதலில் கீரையின் தடித்த காம்புகளையும் பழுத்த இலைகளையும் நீக்கவும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் எடுத்து, கீரையை அதில் அமிழ்த்தி அளைந்து, ஒரு நிமிடம் அப்படியே விடவும். மண் அடியில் தங்கும். கீரையைக் கையால் மேலே அள்ளி எடுத்த பின்னரே தண்ணீரைக் கொட்ட வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் படிந்த மண் மீண்டும் இலைகளில் ஏறிக்கொள்ளும். அடியில் மணல் தெரியாதவரை, குறைந்தது மூன்று முறை, இவ்வாறு அலச வேண்டும். சோப்போ பாத்திரம் துலக்கும் திரவமோ பயன்படுத்தலாகாது.

அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கீரையை அதில் ஒரு நிமிடம் இட்டு எடுத்து, உடனே குளிர்ந்த குடிநீரில் போடவும். நிறம் மங்காமல் இருக்க இக்குளிர்ச்சி உதவும். கொதித்த நீரைக் கொட்டிவிடவும். இதனால் ஆக்சலேட்டின் ஒரு பகுதி நீங்குவதோடு, கழிவுநீர் கலந்த பாசனத்தாலும் கையாளுதலாலும் இலைகளில் ஒட்டியிருக்கக்கூடிய நோய்க்கிருமிகளும் பெருமளவு அழியும். கொதிநீரில் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் ஓரளவு கரைந்து போகும் என்பது உண்மையே. வைட்டமின் சியை வேகவைக்காத பழம் ஈடுசெய்யும். ஃபோலேட்டிலும் ஒரு பகுதி இலையில் எஞ்சியே இருக்கும்.

இனி அரைத்தல். மிக்சியின் பெரிய ஜாரில் கீரை, இஞ்சி, நிலக்கடலை ஆகியவற்றைப் பாதித் தண்ணீருடன் இட்டு முதலில் விழுதாக அரைக்கவும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் போட்டால் பழம் கூழாகிவிடும்; இலை நார்நாராக நிற்கும். விழுது மையாக அரைபட்ட பின் ஆரஞ்சு, வாழைப்பழம், தயிர், எஞ்சிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து அரை நிமிடம் ஓட்டினால் போதும். ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. மிக்சியை இடைவிடாது ஓட்டாமல் இருபது, முப்பது நொடிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். மோட்டாரும் சூடேறாது, பானமும் சூடாகாது. கரண்டி விட்டுக் கிளறுவதாயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே கிளறவும். இறுதியாக எலுமிச்சைச் சாறு கலந்து, வடிகட்டாமல் குவளையில் ஊற்றவும்.

இதற்கென விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. 1960களில் மும்பைப் பொறியாளர் சத்யபிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்சியை உருவாக்கிய காலந்தொட்டு, இந்திய மிக்சிகள் கெட்டியான மசாலாவையும் சட்னியையும் அரைப்பதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. கீரையின் நாரை அரைக்க அவை தாராளமாகப் போதும்.

ஒரு குவளையில் என்ன உள்ளது?

மேற்கண்ட அளவில் செய்த ஒரு குவளையில் 50 கிராம் கீரையும் 75 கிராம் பழமும் அடங்கும். அதாவது நாளுக்குரிய 400 கிராம் காய்கறியில் எட்டில் ஒரு பங்கும், 100 கிராம் பழத்தில் முக்கால் பங்கும் காலையிலேயே கிடைத்துவிடுகின்றன. பழங்களிலிருந்து வரும் சர்க்கரை 8 கிராம் அளவில் நிற்கும்.

புரதம் ஏறத்தாழ 5 கிராம் மட்டுமே. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஆகவே இப்பானத்தை மட்டும் குடித்துவிட்டு அலுவலகம் செல்வது முறையான காலை உணவாகாது. பதினொரு மணிக்குள் பசி எடுத்து, பிஸ்கட்டையும் பஜ்ஜியையும் தேடச் செய்யும். இரண்டு இட்லி சாம்பாருடன், அல்லது ஒரு பெசரட்டு, அல்லது வேகவைத்த முட்டை ஒன்று, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் இதனுடன் சேர வேண்டும்.

வார ஏற்பாடும் பருவமும்

நாள்தோறும் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்க இயலாது என்பதே தொடக்கத்தில் கண்ட சிக்கல். அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆய்ந்த பாலக்கீரை 500 கிராமை அலசி, சிறுசிறு பகுதிகளாகக் கொதிநீரில் இட்டு எடுத்து, குளிரவைத்து, சிறிது குடிநீர் சேர்த்து விழுதாக அரைக்கவும். அதனைப் பத்துச் சம பங்குகளாகப் பிரித்து, பனிக்கட்டித் தட்டிலோ சிறு மூடிக் கிண்ணங்களிலோ இட்டு உறைநிலைப் பெட்டியில் வைக்கவும். ஒரு பங்கு ஒருவருக்கானது. இருவர் உள்ள வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை இது சரியாக வரும். காலையில் உறைந்த விழுதையும் பழத்தையும் தயிரையும் சேர்த்து அரைக்க ஐந்து நிமிடமே ஆகும். வாங்கிய கீரை குளிர்பெட்டியின் மூலையில் வாடிக் குப்பைக்குப் போவதும் நின்றுவிடும். குடும்பச் செலவுக் கணக்கு எழுதும் வழக்கமுள்ளோர் ஒரு மாதம் கழித்து இச்சிக்கனத்தைத் தம் ஏட்டிலேயே காணலாம்.

பருவத்தோடு இசைந்து வாங்கினால் விலையும் குறையும், சுவையும் கூடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தில்லி, லக்னோ, போபால் போன்ற நகரங்களில் பாலக்கும் மேத்தி எனப்படும் வெந்தயக்கீரையும் தளதளவென்று கிடைக்கும். நாக்பூர் ஆரஞ்சும் அலகாபாத் கொய்யாவும் நெல்லிக்காயும் அப்போதே சந்தைக்கு வரும். ஆண்டில் இப்பானத்திற்கு மிகவும் உகந்த காலம் இதுவே. கோடையில் பாலக்கீரை குறையும்போது புதினாவையும், வேகவைத்த முளைக்கீரையையும் பப்பாளியுடன் சேர்க்கலாம். மாம்பழம் சேர்க்கும் நாள்களில் வாழைப்பழத்தை விட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் கீரைகளில் சேறும் கிருமியும் மிகும். அக்காலத்தில் கீரையைக் கொதிநீரில் இடாமல் எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது. இரண்டு நிமிடம் வரை விட்டு எடுப்பது நன்று.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகக் கல் ஏற்கெனவே வந்தவர்களும், குடல் அல்லது இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் பாலக்கீரை ஸ்மூத்தியைத் தவிர்ப்பது நல்லது.

நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கீரை, வாழை, ஆரஞ்சு ஆகியவற்றின் பொட்டாசியம் தீங்கு செய்யக்கூடும். மருத்துவர் இசைவின்றி அவர்கள் இதைத் தொடங்கலாகாது.

இதய வால்வு மாற்றியவர்கள் முதலியோர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை உட்கொள்வதுண்டு. கீரையின் வைட்டமின் கே அம்மருந்துகளின் செயலைக் குறைக்கும். திடீரென நாள்தோறும் ஒரு குவளை குடிக்கத் தொடங்குவதும், குடித்துக்கொண்டிருந்ததைத் திடீரென நிறுத்துவதும் மருந்தின் அளவைக் குலைத்துவிடும். அவர்கள் மருத்துவரிடம் முதலில் தெரிவிக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்வோர் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே இப்பானத்தை அருந்த வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் வாழைப்பழத்தை விலக்கி, கொய்யா அல்லது ஆரஞ்சை மட்டும் சேர்த்து, அரைக் குவளையில் தொடங்கி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம். முழுப் பழத்தை மென்று உண்பதே அவர்களுக்கு மேலும் சிறந்தது.

இரத்தசோகை உள்ளவர்கள் தயிரை விட்டுவிட்டு, தண்ணீரும் கூடுதல் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளலாம். கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைச் சிறிது குறைக்கும் என்பதால் தயிரை மதிய உணவில் வைத்துக்கொள்வது பொருத்தம். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரைக்கு இப்பானம் ஈடாகாது, மாத்திரையை நிறுத்தலாகாது.

சில ஐயங்கள்

சர்க்கரைக்கு மாற்றாகத் தேன் சேர்க்கலாமா? தேனும் சர்க்கரைக் கணக்கில் சேர்வதே. முதல் வாரம் இனிப்புக் குறைவாகத் தோன்றினால் ஒரு பேரீச்சம்பழம் சேர்த்து, படிப்படியாக அதனையும் விட்டுவிடலாம்.

இரவே செய்து வைக்கலாமா? அரைத்தவுடன் குடிப்பதே நன்று. காற்றுப் பட்டதும் வைட்டமின் சி குறையத் தொடங்கும். தவிர்க்க இயலாத நாளில் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காலையில் முடித்துவிட வேண்டும். வெளியே வைத்த கீரைப் பானத்தில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதால் அதனைக் குடிக்கலாகாது.

இது உடலின் நச்சை நீக்குமா? அப்பணியை நம் கல்லீரலும் சிறுநீரகங்களும் நாள்தோறும் செய்துவருகின்றன. எந்தப் பானமும் அதனைச் செய்வதில்லை. பத்து நாள் இதை மட்டுமே குடித்து இருப்பது போன்ற திட்டங்களை நம்ப வேண்டாம்.

குழந்தைகளுக்குத் தரலாமா? பள்ளி செல்லும் வயதினருக்கு அரைக் குவளை போதும். பச்சை நிறத்தைக் கண்டு மறுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் கீரையைக் கால் பங்காகக் குறைத்து, வாரந்தோறும் கூட்டி வரலாம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அதனை விலக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள், ஆளுக்கு ஒரு குவளை, சர்க்கரையின்றி, வடிகட்டாமல், உரிய சிற்றுண்டியோடு என்னும் அளவில் இப்பானம் நம் உணவில் இடம்பெறலாம். எஞ்சிய நாள்களில் கீரை மசியலாகவோ, பொரியலாகவோ, சப்பாத்தி மாவில் பிசைந்த மேத்தியாகவோ தட்டில் இருக்கட்டும். வீட்டில் மருந்து உட்கொள்ளும் பெரியவர்கள் இருப்பின் முதல் குவளையை ஊற்றுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுமாறு வாடிக்கையாளர் பெருமக்களை வேண்டுகிறோம்.